துறையும் பங்கும்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில் மீஞ்சூர் ஒரு நிலையம். அவ்வூரையும் பொன்னேரியையும் கடந்து சென்றால் பழவேற்காடு ஏரியும், அதன் கரையில் அமைந்த மீனவர் குப்பங்களும் கண்ணுக்குத் தென்படும். கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் அவ்வேரியில் இறால் பிடிப்பது அம்மக்களின் பழந்தொழில். இக்காலத்தில் தமிழகக் கடற்கரை ஊர்கள் பலவற்றில் இளைஞர் சிலர் வலையோடு கைப்பேசியையும் படகில் எடுத்துச் செல்கின்றனர். வலை விரிப்பதையும், மீன் ஏறுவதையும், கரையில் ஏலம் விடுவதையும் படம் பிடித்து யூடியூப் முதலிய தளங்களில் இடுகின்றனர். 'தூத்துக்குடி மீனவன்' என்னும் காணொளி வரிசை இவ்வகையில் ஊரறிந்த ஒன்று. பார்ப்போர் பெருகினால் விளம்பரப் பணம் வருகின்றது. அப்பணத்தில் ஒரு பங்கு படமெடுத்தவருக்கு உரியது. எஞ்சியது தளத்தை நடத்தும் நிறுவனத்துக்கு உரியது. படமெடுத்தவர் பங்கு குறைக்கப்படும்போது இழப்பு யாரைச் சாரும்? கோடி கோடியாய் முதலிட்டுப் படமெடுக்கும் நிறுவனமும், ஒற்றைக் கைப்பேசியோடு உழைக்கும் தனியாளும் அக்குறைவை ஒரே அளவில் உணர்கின்றனரா? இதுவே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள்.

பொருள் புதியது போல் தோன்றும். ஆனால், சரக்கை ஆக்குவோன் ஒருவன், வாங்குவோன் ஒருவன், இருவருக்கும் இடையே உள்ள துறையைத் தன் கையில் வைத்திருப்போன் மற்றொருவன் என்னும் நிலை வாணிபத்தில் மிகத் தொன்மையானது. துறைக்கு உரியவன் பங்கை மாற்றும்போது யார் நிமிர்ந்து நின்றார், யார் குனிந்தார் என்பதற்குப் பழவேற்காடே 400 ஆண்டுகளுக்கு முற்பட்ட சான்று ஒன்றைத் தருகின்றது. அதனை முதலில் காண்போம்.

கிராம்பும் சாதிக்காயும் விளையும் கிழக்குத் தீவுகளில் ஐரோப்பியரின் வெள்ளியைவிடச் சோழமண்டலக் கரையின் துணிக்கே மதிப்பு மிகுதி. வண்ணம் தீட்டிய துணியும், கட்டமிட்ட துணியும் கொண்டு சென்றால் நறும்பொருள்கள் எளிதிற் கிடைத்தன. இதனை அறிந்த டச்சுக் கும்பினியார் 1610-இல் விசயநகர மன்னர் வேங்கடரிடம் இசைவு பெற்றுப் பழவேற்காட்டில் கால் ஊன்றினர். அடுத்த ஆண்டே 'குளோப்' என்னும் ஆங்கிலக் கப்பல் அத்துறைக்கு வந்தது. இங்கு வாணிபம் செய்யும் உரிமை தமக்கே உண்டென்று கூறி டச்சுக்காரர் அதனைத் திருப்பி அனுப்பினர். கப்பல் மசூலிப்பட்டினம் நோக்கிச் சென்றது. 1613-இல் கெல்டிரியாக் கோட்டை எழுந்தது. இன்று திரைப்படங்களைப் பற்றி 'தனி உரிமை' என்ற சொல்லை அடிக்கடி கேட்கின்றோம். அச்சொல்லின் பொருளைப் பழவேற்காட்டு மக்கள் 1611-லேயே கண்டுவிட்டனர்!

கும்பினியார் நெசவாளரிடம் நேரே சென்று துணி வாங்கவில்லை. பெருவணிகரிடம் முன்பணம் கொடுத்தனர். டச்சு ஏடுகள் 'மலயா' என்று குறிக்கும் அச்சுதப்ப செட்டியும், அவர் தம்பி சின்னண்ண செட்டியும் அவ்வணிகருள் தலைசிறந்தவர்கள். வணிகர் அம்முன்பணத்தை ஊர்தோறும் நெசவாளருக்குப் பகிர்ந்து கொடுப்பர். துணி கோட்டைக்கு வந்ததும் மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பர். தரம் குறைந்ததென்று கணக்கர் கூறினால் விலையும் குறையும். சில வேளை துணியே திரும்பிவிடும். தரம் பார்ப்பவரும் விலை கொடுப்பவரும் ஒருவரே என்பதை மாணவர்கள் உற்று நோக்க வேண்டும்.

விலை குறைந்த ஆண்டில் மலயாவின் குடும்பம் என்ன செய்தது? அவர்களுக்குச் சொந்தக் கப்பல்கள் இருந்தன. வரிவசூல் குத்தகை இருந்தது. அரசவையில் செல்வாக்கும் இருந்தது. ஒரு வழியில் இழந்ததை மற்றொரு வழியில் ஈட்டினர். கும்பினியாரே அவர்களைப் பகைத்துக்கொள்ள அஞ்சினர். நெசவாளனுக்கோ தறி ஒன்றே உடைமை. ஆயினும் அவனிடமும் ஒரு வலிமை இருந்தது. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துணியை வேறொருவருக்கு விற்கும் வழக்கம் அவனுக்கு உரிமையாக இருந்தது. சாந்தோமில் போர்ச்சுகீசியர், 1639 முதல் சென்னையில் ஆங்கிலேயர், தரங்கம்பாடியில் டேனியர், இவர்களன்றி உள்நாட்டு வணிகர் எனக் கரை நெடுக வாங்குவோர் பலர் இருந்தமையால் அவ்வுரிமைக்கு உயிர் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கும்பினி பிறரை ஒதுக்கித் தானே பெரிய கொள்வோன் ஆயிற்று. இடைவணிகரை நீக்கி நெசவாளரைத் தன் நேரடிக் கண்காணிப்பில் வைத்தது. தறியருகே சேவகரை நிறுத்தியது. நெசவாளர் எதிர்ப்புக் காட்டினர். ஊரைவிட்டு வெளியேறியும் பார்த்தனர். முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற வழக்கம் மெல்ல மறைந்தது. ஆகவே பங்கின் அளவைவிட, 'வேண்டாம்' என்று எழுந்து செல்ல வேறோர் இடம் உண்டா என்பதே ஆக்குவோனின் நிலையை அறுதியிட்டது எனலாம்.

இவ்வளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு திரைப்படத் தொழிலைப் பார்ப்போம்.

1905-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் படக்கருவி ஒன்றை வாங்கி ஊர் ஊராய்க் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். கருவியும் அவருடையது, கூடாரமும் அவருடையது, வசூலும் அவருடையதே. பேசும்படம் வந்து, தொழில் விரிந்தபோது படமெடுப்போர், விநியோகஸ்தர், கொட்டகைக்காரர் என மூவகையினர் தோன்றினர். விநியோகஸ்தர் கொடுக்கும் முன்பணத்தைக் கொண்டே பெரும்பாலோர் படமெடுத்தனர். 'மினிமம் கேரண்டி' என்னும் முறையில், படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு தொகை என்று முன்னரே உறுதி பெற்றுக்கொள்ளப் பெயர்பெற்ற படநிறுவனங்களால் முடிந்தது. பெயர் பெறாதவர் வசூலில் வரும் பங்கை நம்பியே இருந்தனர். விநியோகத் தொழிலில் முன்னரே இறங்கியிருந்த எஸ்.எஸ். வாசன் பின்னர்ப் படப்பிடிப்பு நிலையத்தையும் தமதாக்கிக்கொண்டார். 1948-இல் 'சந்திரலேகா'வைத் தமிழிலும் இந்தியிலும் நாடெங்கும் கொண்டுசெல்ல அவரால் இயன்றமைக்கு, அவர் துறையையும் தம் கையில் வைத்திருந்ததே பெருங்காரணம்.

அத்தகைய வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிட்டும்? 1949-இல் இந்திய அரசு எஸ்.கே. பாட்டீல் தலைமையில் திரைப்பட விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. 1951-இல் அறிக்கை தந்த அக்குழு, படமெடுப்போரின் பணநெருக்கடியை விரிவாக ஆராய்ந்து, அரசே கடனுதவி நிறுவனம் ஒன்றை நிறுவ வேண்டுமென்றது. அதன் பயனாகத் திரைப்பட நிதிக் கழகம் 1960-இல் பிறந்தது. ஆனால் படமெடுக்கப் பணம் கிடைத்தாலும் காட்டக் கொட்டகை கிடைக்க வேண்டுமே! ஜெயகாந்தன் எழுதி இயக்கிய 'உன்னைப்போல் ஒருவன்' தேசிய விருதுகளில் நற்சான்றிதழ் பெற்றது. பெருவாரியான கொட்டகைகளை அது எட்டவில்லை.

பழைய கொட்டகை முறையைப் பற்றி இங்கு ஒன்று கூறவேண்டும். படப்பெட்டியோடு விநியோகஸ்தரின் ஆள் ஒருவரும் ஊருக்கு வருவார். அவருக்குப் 'படப் பிரதிநிதி' என்று பெயர். காட்சிதோறும் விற்ற டிக்கெட்டுகளைக் கணக்கெடுத்துக் கையொப்பம் வாங்குவது அவர் வேலை. கேளிக்கை வரி அதிகாரியும் அவ்வப்போது வந்து டிக்கெட்டு அடிக்கட்டைகளைச் சோதிப்பார். ஏமாற்று நிகழாமல் இல்லை. நிகழ்ந்ததாலேயே பிரதிநிதி என்னும் பதவி உண்டாயிற்று. ஆயினும், எத்தனை பேர் பார்த்தனர் என்பதைப் படத்துக்கு உரியவர் தம் கண்ணாலேயே எண்ணிப் பார்க்க வழி இருந்தது. பின்னால் வரும் செய்திக்கு இது வேண்டும்.

படச்சுருள் ஒழிந்து மின்னணு முறை வந்தபோது சிக்கல் வேறு உருவம் கொண்டது. சுருள் பிரதி எடுக்கும் செலவு படமெடுப்போருக்கு மிச்சம். ஆனால் கொட்டகையில் விலையுயர்ந்த ஒளிக்கருவி வேண்டும். அக்கருவியின் விலையைத் தீர்க்கப் படமெடுப்போர் ஒவ்வொரு திரைக்கும் கட்டணம் செலுத்தும் ஏற்பாடு அமெரிக்காவில் தொடங்கி இங்கும் பரவியது. கருவியின் விலை தீர்ந்த பின்னும் கட்டணம் தீரவில்லை என்பது தமிழ்ப் பட முதலாளிகளின் முறையீடு. 1-3-2018 முதல் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் புதுப் படங்களை வெளியிடுவதை நிறுத்தியது. ஏழு வாரம் ஒரு புதுத் தமிழ்ப் படமும் திரைக்கு வரவில்லை. ஏப்ரல் 20-இல் 'மெர்க்குரி' வெளிவந்து அந்நிலை நீங்கிற்று; கட்டணமும் குறைந்தது.

அக்கட்டணத்தின் இயல்பை நினைத்துப் பாருங்கள். ஒரு திரைக்கு இவ்வளவு என்று வகுத்தால், பெரிய நடிகர் நடித்த படத்துக்கும் புதுமுகங்கள் நடித்த சிறு படத்துக்கும் கட்டணம் ஒன்றே. நூறு இருக்கை நிரம்பும் படத்துக்கு அது தூசு. பத்து இருக்கை நிரம்பும் படத்துக்கு அது சுமை. ஒரே அளவான வெட்டு ஒரே அளவான காயம் உண்டாக்குவதில்லை என்பது இங்கே விளங்கும். வேலைநிறுத்தத்தில் இருசாராரும் ஒன்றாக நின்றமையால் சிறியோரும் அதன் பயனைப் பெற்றனர்.

இனி இணையவழித் தளங்களுக்கு வருவோம். இவற்றில் இருவகை உண்டு. சந்தா வாங்கிப் படங்காட்டும் ஓடிடி தளங்கள் ஒருவகை. அமேசான் பிரைம், நெட்ஃபிளிக்ஸ் முதலியன இதில் அடங்கும். யார் வேண்டுமானாலும் படத்தை இடலாம், விளம்பரத்தால் பணம் வரும் என்னும் யூடியூப் போன்றவை மற்றொரு வகை.

தமிழ்நாட்டில் முதல்வகைத் தளங்கள் பெரிய படமுதலாளிக்குப் புதுத்துறை ஒன்றைத் திறந்தன என்பதே உண்மை. 2013-இல் கமல்ஹாசன் 'விஸ்வரூபம்' படத்தை வீட்டுத் தொலைக்காட்சியில் நேரே 1,000 ரூபாய்க் கட்டணத்தில் காட்ட முயன்றார். கொட்டகைக்காரர் ஒன்றுகூடி எதிர்த்தனர், அம்முயற்சி நிறைவேறவில்லை. ஏழாண்டு கழிந்து, நோய்த்தொற்றால் கொட்டகைகள் மூடிக்கிடந்த 2020-இல், சூர்யாவின் நிறுவனம் 'பொன்மகள் வந்தாள்' படத்தை மே 29 அன்று அமேசான் பிரைமில் வெளியிட்டது. இனி அந்நிறுவனத்தின் படங்களைத் திரையிடோம் என்று கொட்டகை உரிமையாளர்கள் முன்னரே எச்சரித்திருந்தனர். ஆனால் அவ்வெச்சரிக்கைக்குப் பழைய கூர்மை இல்லை. எழுந்து செல்ல இரண்டாம் இடம் வந்துவிட்டதல்லவா? அவ்வாண்டு நவம்பரில் 'சூரரைப் போற்று' வந்தது. 2021 நவம்பரில் 'ஜெய் பீம்' வந்தது. அக்காலத்தில் தளங்கள் நிலையான தொகை கொடுத்துப் படங்களை வாங்கின. எத்தனை பேர் பார்த்தாலும் முதலாளிக்குத் தொகை கையில் வந்துவிடும். அது பழைய 'மினிமம் கேரண்டி'யின் மறுபிறவியே.

அந்தப் பருவம் நீடிக்கவில்லை. கொட்டகைகள் திறந்தபின், தளங்கள் வாங்கும் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தன. விலையைக் கொட்டகை வசூலோடு பிணைத்தன. நட்சத்திர நடிகர் நடித்த படத்துக்குத் தொகை குறைந்தாலும் பேச்சுவார்த்தைக்கு இடம் இருந்தது. சிறுபடத்துக்கோ 'பார்க்கும் நேரத்துக்கு ஏற்பப் பணம்' என்னும் முறையே எஞ்சியது. மேலும், 2024 நவம்பரில் ரிலையன்சின் ஊடகப் பிரிவும் டிஸ்னியின் இந்தியத் தொலைக்காட்சி வாணிபமும் இணைந்தன. 2025 பிப்ரவரியில் அவற்றின் இரு தளங்களும் ஜியோஹாட்ஸ்டார் என ஒன்றாயின. விற்போனுக்குப் போட்டியிடும் இரு கொள்வோர் ஒருவர் ஆயினர். பழவேற்காட்டுக் கரையில் கொள்வோர் குறைந்த கதையை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும்.

ஒரே கடையில் இருவகை ஒப்பந்தம் இருந்ததற்கு அமேசான் நிறுவனத்தின் மற்றோர் ஏற்பாடு எடுத்துக்காட்டாகும். பெரிய படநிறுவனங்களோடு அது தனித்தனியே அமர்ந்து விலை பேசும். தனிப்பட்ட படைப்பாளருக்காக 'பிரைம் வீடியோ டைரக்ட்' என்ற வழியை 2016-இல் திறந்தது. யாரும் படத்தை இடலாம். பார்க்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பணம். அமெரிக்காவில் மணிக்கு 15 செண்ட் என்று தொடங்கியது. பின்னர் விகிதம் மாற்றப்பட்டது, மீண்டும் மாற்றப்பட்டது. மக்கள் எவ்வளவு ஈடுபாட்டோடு பார்க்கின்றனர் என்று தளமே தரவரிசை வகுத்து, கீழ்த்தரத்தில் நிற்கும் படத்துக்கு மணிக்கு ஒரு செண்ட் என்ற அளவுக்கும் இறங்கியது. 10,000 மணி நேரம் பார்க்கப்பட்ட படத்துக்கு முதலில் 1,500 டாலர் வந்திருக்கும். கீழ்த்தரத்தில் 100 டாலரே வரும். 2021 பிப்ரவரியில், தாமாக அனுப்பப்படும் ஆவணப் படங்களையும் குறும்படங்களையும் ஏற்பதில்லை என்று அறிவித்தது. மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரித்த கோட்டைக் கணக்கரின் வேலையை இப்போது கணிப்பொறி செய்கின்றது. அவரோடு வாதிடவாவது முடிந்தது.

இரண்டாம் வகைக்கு வருவோம். யூடியூப் நிறுவனம் 2007-இல் படமெடுப்போருக்குப் பங்கு தரும் திட்டத்தைத் தொடங்கியது. நீண்ட காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு படமெடுத்தவருக்கு. 45 விழுக்காடு தளத்துக்கு. குறுங்காணொளிகளுக்கு 2023 பிப்ரவரி முதல் பங்கு தரலாயிற்று. அங்கே படமெடுத்தவர் பங்கு 45 விழுக்காடு. இரண்டுக்கும் இடையே பத்து விழுக்காடுதானே என்று எண்ணலாம். மாணவர்கள் தாளில் கணக்கிட்டுப் பார்க்கட்டும். விளம்பர வருவாய் 1,00,000 ரூபாய் என்று கொள்வோம். 55 விழுக்காடாயின் 55,000. 45 விழுக்காடாயின் 45,000. படமெடுத்தவரின் வரும்படியில் 18 விழுக்காடு குறைந்துவிட்டது. படகு வாடகை, ஒளிப்பதிவு, பயணம் எல்லாம் சேர்ந்து 45,000 ரூபாய் செலவென்றால், முன்பு 10,000 மிச்சம். இப்போது ஒன்றும் இல்லை. நூறு காணொளிகளை நடத்தும் நிறுவனம் நட்டத்தில் உள்ளவற்றை நிறுத்தி, ஆதாயம் தருபவற்றில் முதலை மாற்றலாம். ஒருவரே எடுத்து ஒருவரே தொகுக்கும் இடத்தில் மாற்றுவதற்கு என்ன உளது?

விழுக்காட்டைத் தொடாமலே பங்கைக் குறைப்பதற்கும் வழி உண்டு. 2018 ஜனவரியில் அந்நிறுவனம் புதுவிதி ஒன்றை அறிவித்தது. 1,000 சந்தாதாரரும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் இல்லாதவருக்கு விளம்பரப் பங்கு இல்லை என்பது அவ்விதி. முன்னர் 10,000 பார்வைகள் இருந்தாற் போதும். விதியால் நீக்கப்படுவோரில் 99 விழுக்காட்டினர் முந்திய ஆண்டில் 100 டாலருக்கும் குறைவாகவே ஈட்டினர் என்று நிறுவனம் தன் செயலுக்குக் காரணம் காட்டியது. தீய காணொளிகளின் அருகே தம் விளம்பரம் வந்ததென்று 2017-இல் பெரிய விளம்பரதாரர் பலர் விலகியதே இதற்குப் பின்னணி. காரணம் பொய்யன்று. ஆயினும் அச்சிறுதொகையை 'சிறிது' என்று முடிவு செய்தவர், அதைக் கொடுக்க வேண்டியவரே என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

விதி ஒரு நாளில் மாறும் என்றால் துறையே ஒரு நாளில் மறையவும் கூடும். 29-6-2020 அன்று இந்திய அரசு டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. அது நாட்டின் பாதுகாப்பை முன்னிட்ட முடிவு. ஆனால் அதில் மட்டுமே பெயரும் வரும்படியும் தேடியிருந்த சிற்றூர்க் கலைஞர் பலர் தம் பார்வையாளரைக் கூட்டிச் செல்ல வழியின்றி நின்றனர். பெரிய நிறுவனங்கள் அவ்வாறு ஒரே கூடையில் முட்டை வைப்பதில்லை.

இவற்றைக் கேட்டவர், தளங்கள் சிறியோருக்குத் தீமையே செய்தன என்று கருதிவிடலாகாது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் பெரியதம்பி என்னும் முதியவரும் அவர் பேரர்களும் வயல்வெளியில் சமைத்துப் பரிமாறிப் படமெடுத்தனர். 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்னும் அவ்வரிசை 2018-இல் தொடங்கியது. 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரரைத் தாண்டிற்று. தமிழில் அவ்வெல்லையைத் தொட்ட முதல் வரிசை அது. முதலமைச்சரின் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாயும் வழங்கினர். எந்த விநியோகஸ்தர் அவர்களுக்கு முன்பணம் கொடுத்திருப்பார்? எந்தக் கொட்டகை கதவைத் திறந்திருக்கும்? வாயிலை அகலத் திறந்தது தளங்களின் நற்பணியே. உள்ளே நுழைந்தபின் பங்கு வகுப்பதில் சொல்லுரிமை இல்லை என்பதே குறை.

அச்சொல்லுரிமையைப் போராடிப் பெற்றதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு அமெரிக்காவில் உளது. 2023 மே 2 முதல் 148 நாள் அங்குத் திரைக்கதை எழுத்தாளர் சங்கத்தார் வேலைநிறுத்தம் செய்தனர். ஜூலையில் நடிகர் சங்கமும் சேர்ந்தது. அவர்கள் முறையீடுகளுள் ஒன்று, தொலைக்காட்சியில் மறு ஒளிபரப்புக்குக் கிடைத்த தொகை இணையத் தளங்களில் தேய்ந்துவிட்டது என்பது. மற்றொன்று, எத்தனை பேர் பார்த்தனர் என்ற எண்ணிக்கையையே தளங்கள் காட்டுவதில்லை என்பது. நம் ஊர்ப் படப் பிரதிநிதிக்கு அங்கே வேலையே இல்லாமற் போயிற்று. முடிவில், உள்நாட்டுச் சந்தாதாரருள் ஐந்தில் ஒரு பங்கினர் முதல் 90 நாளுக்குள் பார்க்கும் தொடர்களுக்குத் தனி ஊக்கத்தொகை என்றும், எண்ணிக்கையைச் சங்கத்துக்கு மறையாகவேனும் காட்டுவது என்றும் உடன்படிக்கை ஆயிற்று. ஆனால் அது சங்கத்தாருக்கே. யூடியூபில் படமிடும் தனியாளுக்கு அத்தகைய சங்கம் இல்லை. அவர் ஒப்புக்கொள்ளும் உடன்படிக்கை ஒரு பொத்தானை அழுத்துவதோடு முடிகின்றது.

பங்கை ஆக்குவோரே வகுத்துக்கொள்ளும் முறை ஒன்றைக் காணப் பழவேற்காட்டுக்கே மீள வேண்டும். கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் என்னும் மூன்று ஊர் மீனவரிடையே ஏரியில் 'பாடு' என்னும் ஒழுங்கு நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடமும் உண்டு. அரிதாகக் கிடைக்கும் இடமும் உண்டு. வலுத்தவன் நல்லிடத்தைப் பிடித்துக்கொள்ளாதபடி, இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை கட்டுவது என்று முறைவைத்துச் சீட்டுப்போட்டு வகுப்பர். முறை வருமுன்னரே எல்லோருக்கும் தெரியும். மாற்ற வேண்டுமானால் ஊர்கூட்டி மாற்ற வேண்டும்.

இம்முறையைப் பொன்னே போற்றிவிடவும் இயலாது. பாட்டு உரிமை அவ்வூர்களின் மீனவர் குடும்பங்களுக்குத் தலைமுறையாய் வருவது. அதே ஏரியை நம்பி வாழும் பிற சாதியினர் அவ்வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். அதனால் பூசல்களும் நேர்ந்துள்ளன. உரிமையுடையோர் தொகை பெருகப் பெருக ஒவ்வொருவருக்கும் வரும் முறைநாளும் குறைகின்றது. யூடியூபின் கதவு யாவருக்கும் திறந்தது, விதி ஒருவர் கையில். பாட்டின் விதி பலர் கையில், கதவு சிலருக்கே. இரண்டு நன்மையும் ஓரிடத்தில் சேர்ந்ததாக நான் கண்டதில்லை.

அண்டை மாநிலமான கேரளத்தில் ஒரு முயற்சி நடைபெற்றுள்ளது. அம்மாநில அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 7-3-2024 அன்று 'சி ஸ்பேஸ்' என்னும் ஓடிடி தளத்தைத் தொடங்கியது. இந்தியாவில் மாநில அரசொன்று நடத்தும் முதல் தளம் அது. முதற்கட்டமாக 42 படங்கள், சந்தா கிடையாது, ஒரு முழுநீளப் படத்துக்கு 75 ரூபாய், அதில் பாதி படமெடுத்தவருக்கு. எந்தப் படத்தைச் சேர்ப்பது என்பதைத் திரைத்துறையினரும் எழுத்தாளரும் அடங்கிய 60 பேர் குழு தேர்ந்தெடுக்கும். ஐம்பது விழுக்காடு, யூடியூபின் ஐம்பத்தைந்தைவிடக் குறைவுதான். ஆனால் விழுக்காட்டை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவர். 75 ரூபாயில் பாதி 37 ரூபாய் 50 காசு. விளம்பரத்தால் வாழும் தளத்தில், இந்தியப் பார்வையாளர் ஒருவர் ஒருமுறை பார்ப்பதால் படமெடுத்தவருக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைப்பதில்லை. 37 ரூபாய் 50 காசு வீதம் எண்ணத் தொடங்கினால், ஆயிரம் பேர் பார்த்தாற்கூடச் சிறுபடக்காரர் ஒருவர் 37,500 ரூபாய் பெறுவார். அந்த ஆயிரம் பேர் காசு கொடுத்துப் பார்க்க வருவரா என்பது தனிக் கணக்கு.